வெயில் இருக்கட்டும், பில்லைப் பாருங்கள்



கோடை முடிந்து வரும் ஈ.பி. பில்லுக்கு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வரவேற்புதான். முதலில் மீட்டர் மேல் சந்தேகம் வரும். அடுத்து, ரீடிங் எடுக்கிறவர் இரண்டு நாள் தாமதமாக வந்ததால்தான் ஸ்லாப் மாறிவிட்டது என்று ஒரு வாதம். கடைசியில், "ராத்திரி பூரா ஏசி ஓடினா வேறென்ன வரும்?" என்று யாராவது ஒருவர் பேச்சை முடித்துவைப்பார்.

இப்போதெல்லாம் அந்த இடத்தில் பேச்சு முடிவதில்லை. "மாடி பூரா வெயில் சும்மாதானே காயுது, சோலார் போட்டா என்ன?" என்று இன்னொருவர் தொடங்குகிறார். பக்கத்துத் தெருவில் யாரோ போட்டிருப்பார்கள். அவருக்கு பில்லே வருவதில்லை என்று ஒரு செய்தியும் கூடவே வரும்.

சென்னைவாசிகளுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சோலார் போடலாமா, வேண்டாமா என்பதை வெயிலை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். அதனால் இந்த இதழில் விற்கிறவர் பக்கம் நிற்காமல், பில் கட்டுகிறவர் பக்கம் நின்று கொஞ்சம் பேசலாம்.

வெயில் என்ன தரும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1 கிலோவாட் பேனல் போட நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். சென்னையில் அது வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். 3 கிலோவாட் போட்டால் நாளுக்கு 12 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. நாம் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வைத்தாலே போதும்.

அக்னி நட்சத்திரத்தில்தான் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலின் திறனை அளப்பது 25 டிகிரி வெப்பத்தில். மே மாத மதியத்தில் நம் மாடியில் அதன் சூடு 60 டிகிரியைத் தாண்டும். 25க்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதனால் வானமும் தெளிந்து, சூடும் மட்டாக இருக்கிற மாசி, பங்குனிதான் பேனலுக்குப் பிடித்த மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் உற்பத்தி சறுக்கும். பாதகமில்லை, அப்போது ஏசியும் ஓய்வில்தான் இருக்கும்.

கடற்கரை ஊருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. மதிய வாக்கில் உள்ளே வரும் கடல்காற்று பேனலைக் கொஞ்சம் ஆற்றிவிடும். அதே காற்று செய்கிற இன்னொரு வேலையைப் பிறகு சொல்கிறேன்.

இனி பில்லுக்கு வருவோம். இங்கேதான் நிதானம் தேவை.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 2016 முதல் அப்படித்தான். அதன் பிறகு பயன்பாடு ஏற ஏற விலையும் ஏறும். 500ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 1,000ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டியதும் கீழ் ஸ்லாபில் கிடைத்த சலுகை விலையும் பறிபோகும். 498க்கும் 502க்கும் இடையில் நான்கு யூனிட்தான் வித்தியாசம். பில்லில் அது எப்படிக் குதிக்கிறது என்பதை அந்தக் கோட்டில் தினமும் நடக்கிற குடும்பத் தலைவிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

சோலார் இந்த பில்லை மேலிருந்து வெட்டும். விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லாத விஷயம் இது. நீங்கள் போடும் முதல் கிலோவாட் உங்கள் பில்லின் மிக விலை கூடிய யூனிட்டுகளைத்தான் முதலில் கழிக்கும். 650 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் 240 யூனிட் கொடுத்தால் கணக்கு 410க்கு இறங்கிவிடும். 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்தாயிற்று. பில்லில் ஏறக்குறைய 2,000 ரூபாய் குறையும். அடுத்த கிலோவாட்டுக்கு இந்த அளவு மிச்சம் கிடைக்காது, ஏனென்றால் அது கழிக்கப்போவது மலிவான யூனிட்டுகளை.

ஏசி இரண்டு, பெரியவர்கள் பகலிலும் வீட்டில், 900 யூனிட் ஓடுகிறது என்றால்? பில் 5,500 ரூபாய்க்குக் குறையாது. அந்த வீட்டில் 3 கிலோவாட் போட்டால், நன்றாக வெயில் அடிக்கும் மாதங்களில் பில் சில நூறுகளுக்கு இறங்கிவிடும்.

மறுபுறம், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டோடு முடித்துக்கொள்கிற வீடுகளும் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு பில் 300 ரூபாய்கூட வருவதில்லை. அவர்களிடம் போய் ஒன்றரை லட்சம் போடுங்கள் என்று சொன்னால் அது ஆலோசனையா? சோலார் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

2011ல் பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டிய வீடுகளுக்கு சோலார் விளக்கு கொடுத்தது இந்த மாநிலம். 2012லேயே சூரிய மின்சக்திக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அப்படியிருந்தும் வீட்டு மாடி சோலாரில் குஜராத்தும் மகாராஷ்டிராவும் கேரளமும் நம்மை முந்திப் போய்விட்டன. நமக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. முதல் 100 யூனிட் இலவசமாகவும் அடுத்த 100 மலிவாகவும் கிடைக்கிற வீடு காத்திருப்பதில் என்ன அறியாமை இருக்கிறது? கணக்குத் தெரிந்துதான் காத்திருக்கிறார்கள். ஆனால் 500ஐத் தாண்டுகிற வீடுகளும் அவர்களோடு சேர்ந்து காத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

செலவு எவ்வளவு? 3 கிலோவாட்டுக்கு இன்று சுமார் இரண்டு லட்சம் ரூபாய், தரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. அதிகபட்சம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி.யும் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மேல் ஸ்லாபில் இருக்கிற வீட்டுக்கு நான்கைந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் பேனல் மாட்டி, அதிகாரிகள் பார்த்து, மீட்டர் இணைத்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உள்நாட்டு செல்லில் செய்த பேனலாக இருக்க வேண்டும். அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனம் மூலமே போட வேண்டும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்க சார்" என்று யாராவது இனிமையாகப் பேசினால், அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மிச்ச மின்சாரத்தை ஈ.பி.க்கு விற்று வருமானம் பார்க்கலாம் என்பார்கள். பகலில் வீட்டுக்குப் போக மிஞ்சியது கம்பி வழியாக வெளியே போகும், இரவில் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள், நெட் மீட்டர் இரண்டையும் எண்ணிக் கழித்துவிடும். இதுவரை சரி. ஆனால் தேவைக்கு மேல் போட்டு வியாபாரம் செய்ய நினைத்தால், கிடைக்கிற விலை நீங்கள் மேல் ஸ்லாபில் கட்டுகிற விலைக்குப் பக்கத்தில்கூட வராது. போன வருடத்து ஆறு பில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு அளவை முடிவு செய்யுங்கள். அளவாகப் போட்டவர்தான் லாபம் பார்க்கிறார்.

இப்போது கடல்காற்றின் மறுபக்கம். திருவான்மியூரிலோ, பட்டினப்பாக்கத்திலோ, காசிமேட்டிலோ, ஈ.சி.ஆர். பக்கமோ குடியிருந்தால் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கிரில்லுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்திருப்பீர்கள்? ஏசி அவுட்டோர் யூனிட் எத்தனை வருடம் தாங்கியது? அந்த உப்புதான் மாடியில் 25 வருடம் நிற்கப்போகிற இரும்பையும் தின்னக் காத்திருக்கிறது.

பேனலின் கண்ணாடிக்கும் அலுமினிய ஃபிரேமுக்கும் அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது. முதலில் போவது அதைத் தாங்குகிற ஸ்டாண்டும் நட்டு போல்ட்டும்தான். கொட்டேஷனில் பேனல் கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், ஸ்டாண்டைப் பற்றி ஒற்றை வரி இருக்கும். நீங்கள் விரல் வைத்துக் கேட்க வேண்டிய இடம் அந்த ஒற்றை வரி. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா? நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? மாடியில் வைத்து அறுத்துத் துளை போட்ட இடங்களில் துத்தநாகப் பூச்சு போயிருக்குமே, அங்கே மறுபடி பூசித் தருவார்களா? பேனல் ஐ.இ.சி. 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், கேட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டரை வெட்டவெளியில் மாட்ட விடாதீர்கள். மாடிப்படி அறையின் உள்சுவர் அதற்கு நல்ல இடம்.

நம் வீட்டு மாடிகளில் தட்டோடு பதித்து, மழைத்தண்ணீர் இறங்காமல் பாடுபட்டு வைத்திருப்போம். அதில் கண்ட இடத்தில் டிரில் போட்டால் அடுத்த கார்த்திகையில் படுக்கையறை மேல்தளம் ஒழுகும். கான்கிரீட் பெடஸ்டல் கட்டி அதன் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். வடாம் பிழியவும் துணி காயப்போடவும் இடம் வேண்டுமென்றால் ஆள் நடமாடும் உயரத்துக்கு ஸ்டாண்ட் போட்டுத் தருகிறார்கள். நிழல் கிடைப்பதால் கீழே இருக்கிற அறையும் கொஞ்சம் குளிரும். உயரம் கூடினால் காற்றின் பிடியும் கூடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த ஊரை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். பேனல் ஒரு பாய்மரம் மாதிரி. எவ்வளவு வேகக் காற்றைத் தாங்கும்படி ஸ்டாண்டை வடிவமைத்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புயல் என்றதும் இன்னொன்று. மிக்ஜாம் சமயத்தில், 2023 டிசம்பரில், நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, சோலார் இருந்தால் அந்தக் கஷ்டம் இருக்காதல்லவா? இருக்கும். மானியத்தில் போடுகிற சாதாரண அமைப்பு, ஈ.பி. கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நிற்கும். கம்பி அறுந்ததைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு கணிசமாகக் கூடும். வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நம்பி ஒருவர் இருக்கிறார் என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு, மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஏற்கெனவே வைத்திருக்கிற பேட்டரி போதும்.

சுத்தம் செய்வது யார் வேலை? கட்டுமானத் தூசு ஒரு பக்கம், காக்கை எச்சம் ஒரு பக்கம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது கழுவ வேண்டும். காலையிலோ மாலையிலோ, கண்ணாடி சூடாக இல்லாதபோது. உப்பு நிறைந்த போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அழுக்கைவிடப் பெரிய தொல்லையாகும். மெட்ரோ வாட்டரோ, பிடித்து வைத்த மழைநீரோ நல்லது. பிள்ளைகள் வெளிநாட்டில், எழுபதைத் தாண்டிய இருவர் மட்டும் வீட்டில் என்றால், மாடியேறிக் கழுவுகிற ஆளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சூர்யா கர் திட்டத்தில் போட்டுத் தருகிற நிறுவனம் ஐந்து வருடம் பராமரித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பராமரிப்பில் கழுவுவது சேருமா என்று கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இவ்வளவும் தனி வீட்டுக்காரர்களுக்கு. சென்னையில் எத்தனை பேருக்குத் தனி வீடு இருக்கிறது?

அப்பார்ட்மென்ட் மாடி எல்லோருக்கும் சொந்தம், அதனால் யாருக்கும் சொந்தமில்லை. மேல் வீட்டுக்காரர் தனக்கே உரிமை என்பார். பில்டர் பத்திரத்தில் ஏதோ எழுதிக்கொடுத்திருப்பார். ஒருவர் 3 கிலோவாட் போட்டால் 300 சதுர அடி போய்விடும், அப்புறம் மற்ற வீடுகளுக்கு? அசோசியேஷன் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் டீயும் சமோசாவும் தீர்ந்த பிறகும் முடிவு வராது.

இந்தச் சண்டைக்குள் போகாமல் ஒரு வழி இருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் ஓடுகிற பொது மீட்டரை எடுத்துப் பாருங்கள். லிஃப்ட் வைத்த கட்டடங்களில் அந்த மீட்டருக்கு இலவச யூனிட்டும் கிடையாது, மலிவு ஸ்லாபும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல். சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? மோட்டாரைப் பகலில் ஓடவிட்டால் உற்பத்தியாகிற மின்சாரம் அங்கேயே செலவாகும். பொதுப் பயன்பாட்டுக்காகக் குடியிருப்போர் சங்கம் போட்டால், அதே மத்தியத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மாடி எல்லோருக்கும் பொது, மெயின்டனன்ஸ் குறைவதும் எல்லோருக்கும் பொது. அடுத்த பொதுக்குழுவில் யாராவது ஒருவர் அந்த பில்லின் நகலோடு போனால் பாதி வேலை முடிந்தது.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதலீடு செய்ய வேண்டியவர் வீட்டு உரிமையாளர், பில் குறையப்போவது குடியிருப்பவருக்கு. உரிமையாளர் ஏன் போடுவார்? வேறோர் இடத்து மாடியில் பங்கு போட்டு, அதன் யூனிட்டுகளைத் தன் பில்லில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு டெல்லியில் 2019லேயே விதிமுறை வகுத்துவிட்டார்கள். மாடி இல்லாதவர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இவ்வளவு பேர் வாழ்கிற சென்னையில் அது ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டிய வசதி.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று மாடியில் நிழல் இல்லை, சரி. பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட் பிளஸ் ஐந்து கட்டினால்? ஒரு பேனலில் விழும் நிழல், அதே வரிசையில் இணைத்த மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். தெற்கே காலி மனையோ பழைய வீடோ இருந்தால் கொஞ்சம் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

பில்லைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தென் சென்னைப் படுக்கையறைகளின் குளிரும் அதில் அடக்கம். அதற்காக எரிகிற நிலக்கரியின் சாம்பலோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் எண்ணூர், அத்திப்பட்டு மக்கள். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் அமைக்க 2,500 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. நம் மாடிகளுக்கு யாருடைய நிலத்தையும் கேட்க வேண்டியதில்லை. 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்க வசதி உள்ள வீடுகள் தங்கள் பகல் தேவையையாவது தாங்களே பார்த்துக்கொண்டால், அது பணக் கணக்கில் மட்டும் அடங்குகிற விஷயமில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். பயன்பாடு 500 யூனிட்டுக்குக் கீழேயே நிற்கிறதா? நிம்மதியாக இருங்கள், அவசரமில்லை. அடிக்கடி தாண்டுகிறதா, மாடி உங்களுடையதா, நிழல் இல்லையா? இந்தத் தை, மாசிக்குள் மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்குங்கள். இரும்பைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே பேனல் போட்டு மூன்று வருடம் கடந்த வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். எத்தனை கிலோவாட் போட்டீர்கள், பில் எவ்வளவு இறங்கியது, நெட் மீட்டருக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள், எது முதலில் துருப்பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள். பயனுள்ள கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்